தீர்ந்த சிலிண்டர்

அவள் இடுப்பு பெல்ட்டிலிருந்து ஈயக்கட்டி ஒன்றை உருவிப் படகின் விளிம்பில் வைத்தாள்.

டைவிங் ஜாக்கெட்டில் இருந்த காற்றை முழுக்க வெளியேற்றினாள். கை அசையாமல், கால் அசையாமல் தண்ணீரில் நிமிர்ந்து நின்றாள். மூச்சை இழுத்து நிறுத்தினாள்.

கடல் நெற்றிக்கு மேல் ஏறி மூடியது.

இன்னும் கனம்தான்.

படகில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த கொழுந்தன் பெருமூச்சு விட்டான். அவளோடு சோடி சேர்ந்து முங்குகிறவன். காலையிலிருந்து இதே கூத்து.

பழைய டைவிங் ஜாக்கெட் கிழிந்து, புதியது வந்திருந்தது. பழையதில் மெத்தை வைத்துத் தைத்திருக்கும், தானாகவே மிதக்கும். அதை அமுக்கத்தான் அத்தனை ஈயம். புதியதன் முதுகில் எஃகுத் தகடு. நேற்று அதே ஈயத்தோடு இறங்கினாள். அம்மிக்கல் மாதிரிப் போய் விழுந்தாள்.

விழுந்த இடத்தில் பவளம்.

அவளே சிமெண்டுப் பலகையில் நூலால் கட்டி வளர்த்தது. அவள் முழங்கால் பட்டு அது முறிந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை. கரைக்கு வந்ததும் பவளம் நடும் குழுவின் தலைவியிடம் நேரே போய்ச் சொன்னாள். நாளை நானே வந்து பார்ப்பேன், மறுபடி தரை தட்டினால் உனக்குக் கடல் வேலை கிடையாது, கரையில் பலகை வார்க்கலாம் என்றாள் தலைவி.

பேசாமல் இருந்திருக்கலாம் என்று கொழுந்தனுக்குத் தோன்றியது. மைனிக்கு அதெல்லாம் வராது.

இன்று அவள் முதுகில் மாட்டியிருந்தது நேற்றுப் பயன்படுத்திய சிலிண்டர். அடியில் கொஞ்சம் காற்றுதான் மிச்சம். காலிக் குடத்தோடு குழாயடிக்குப் போகலாம், காலி சிலிண்டரோடு கடலுக்கு வருவார்களா என்று படகோட்டி சிலுவைப்பிச்சை கேட்டுச் சிரித்தார்.

அவள் கண்டுகொள்ளவில்லை.

காற்று தீரத் தீர சிலிண்டரின் எடை குறையும். ஈயம் போதாவிட்டால் வேலை முடிகிற நேரத்தில் ஆளை மேலே தூக்கிவிடும். அதற்குப் பயந்துதான் எல்லோரும் கூட ஒன்று கிடக்கட்டும் என்று கட்டிக்கொள்கிறார்கள். அவனும் கட்டியிருந்தான். அவளோ, தீர்ந்த சிலிண்டரோடு எது போதுமோ அது மட்டும் போதும் என்றாள்.

இன்னொரு கட்டியை உருவினாள். நின்றாள். மூழ்கினாள்.

இன்னொன்று.

இந்த முறை தண்ணீர் கண்மட்டத்தில் நின்றது.

மூச்சை விட்டாள். நெற்றி, பிறகு உச்சி, மெதுவாக உள்ளே போயிற்று. அதுதான் சரியான கனம்.

மேலே வந்ததும் நிறைந்த சிலிண்டரை மாட்டச் சொன்னாள். சிரிக்கக்கூட இல்லை.

கீழே, பவளப் பலகைகளுக்கு மேல் படுத்தவாக்கில் மிதந்தாள். சொன்னபடியே வந்திருந்த தலைவி எதிரே மிதந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து மணலில் முழங்காலிட்டுப் பவளத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தான்.

மூச்சிழுத்தால் கொஞ்சம் எழும்பினாள். விட்டால் கொஞ்சம் தாழ்ந்தாள். முழங்காலுக்கும் பவளத்துக்கும் நடுவே ஒரு சாண். அந்த இடைவெளியில் மஞ்சள் மீன் ஒன்று சாவகாசமாகப் போய்த் திரும்பியது.

அடேயப்பா என்று வாய்வரை வந்தது. வாயில் குழாய்.

சிலிண்டர் தீரும் நேரம் வந்தது. அவன் அவளுடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி முடிச்சைப் போடும்போதும் அதே சாண்தான். தலைவி கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்து, சரி என்று காட்டினாள்.

அவனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அண்ணனிடம் முதலில் தான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் கிளம்பவில்லை. பலகைக்கு மேல் உள்ளங்கையை மெல்ல விசிறினாள். புதிதாகக் கட்டிய பவளத்தின் மேல் படிந்திருந்த மணல் விலகியது. மறுபடி வந்து படிந்தது. மறுபடி விசிறினாள். அவனைப் பார்க்கவில்லை.

அவன் குனிந்து பார்த்தான்.

அவனுடைய முழங்கால்கள் மணலில் புதைந்திருந்தன. அவன் அசையும்போதெல்லாம் அங்கிருந்துதான் அந்த மணல் எழும்பியது.

மேலே வந்ததும் சிலுவைப்பிச்சை அவனைத் தூக்கிவிடக் கை நீட்டினார். அவன் பிடிக்கவில்லை. படகின் விளிம்பில் வரிசையாக இருந்த அவளுடைய ஈயக்கட்டிகளைப் பார்த்தான்.

"மைனி, என் சிலிண்டரும் தீந்துட்டு. இப்பவே பாத்துருவோமா?"