லாகோஸ் கடிகாரம்

கூடத்தில் இருந்தவர்கள் மாமனார் அருணகிரி, மூத்த மருமகள் சௌந்தரவல்லி, இளையவள் தில்லைநாயகி, மூவர்தான். சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று சௌந்தரவல்லியின் மகன் வேலை பார்க்கும் லாகோஸ் நேரம், மற்றது தில்லையின் மகன் இருக்கும் நைரோபி நேரம். நைரோபி எப்போதும் இரண்டு மணி நேரம் முந்தியே ஓடும்.

"என் பிள்ளை சாப்பிட்டுக் கையும் அலம்பியாச்சு அக்கா. பெரியவனுக்கு இன்னும் இலையே போடலை போல" என்று தில்லை சிரித்தாள்.

சௌந்தரவல்லி முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டாள். "இந்த வீட்டுப் பந்தியிலே மூத்தவனுக்கு அப்புறம்தான்டி சின்னவனுக்கு இலை" என்றபடி அதில் ஏறி, லாகோஸ் முள்ளை மூன்று மணி நேரம் முன்னே தள்ளினாள். முக்காலி ஆடியது. அருணகிரி எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

லாகோஸ் கடிகாரம் கெட்டுவிட்டதாகச் சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். கெடவில்லை.