மூன்றாவது கார்டு

மூன்றாவது டப்பாவையும் ரிப்பேர் கடை கிரண் பரபரவென்று கிழித்தான். மேசைக்கடியில் குனிந்து, கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் கையை விட்டான்.

மணி நாலேகால்.

ஐந்து மணிக்குள் டிசைன் போய்ச் சேராவிட்டால் தனகோடி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். சேவூரில் அவருடைய தறி, ஒரு கல்யாணச் சேலைக்காக இரண்டு நாளாகச் சும்மா நிற்கிறது. காலையிலிருந்து நான்கு தடவை போன் செய்துவிட்டார். நான்காவது தடவை குரலில் மரியாதை பாதியாகக் குறைந்திருந்தது.

குமரேசன் இருபது வருடமாகப் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். திரை முழுக்கப் பொடிப்பொடியாகக் கட்டங்கள். ஒரு கட்டம் என்பது ஓர் இழை. ஒன்று தப்பினால் முந்தானை முழுக்கத் தப்பும். குமரேசன் போட்ட கிராஃப் என்றால் ஆரணியில் யாரும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு வாரமாக அந்தத் திரையில் கோடுகள் நெளிகின்றன.

திரையில் படத்தைக் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு செத்துவிட்டது என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார்.

சுகன்யா சுவரோரம் நின்றிருந்தாள். கணவரின் முகத்தையும் கிரணின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு கிரண் பட்டனை அமுக்கினான். ஃபேன் உறுமியது. திரையில் வெளிச்சம் வந்தது.

"இப்ப எப்டி கீதுண்ணா?"

குமரேசன் மூக்கு முட்டுகிற அளவுக்குத் திரையிடம் போனார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம்.

"அதே எழவுதான்டா. என் மயிலு பாம்பாட்டம் நெளிஞ்சிகினு கீது. இத தறில ஏத்துனா, பொண்ணு வூட்டுக்காரன் வந்து என்னத்தான் கொத்துவான்!"

கிரண் சிரித்தான். சுகன்யாவைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

"மூணு கார்டு மாத்திட்ட. உன் கடையில உருப்படியா ஒண்ணுகூடக் கெடையாதா?" என்றார் குமரேசன்.

"கார்டெல்லாம் கீதுண்ணா. கரண்டு குடுக்கற பொட்டி, உங்க எஸ்எம்பிஎஸ்தான் பேஜாரு. மொத்தமே எரநூத்தம்பது வாட்டுதான் குடுக்குது. தனி ஒயர் கேக்காத சின்ன கார்டுங்கதான் அதுல ஓடும். பெரிய கார்டு சொருவினா கரண்டு பத்தாம சிஸ்டமே ஆஃபாயிடும்."

தடங்கலே இல்லாமல் சொல்லி முடித்தான். சுகன்யா பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள்.

குமரேசன் நாற்காலியில் சாய்ந்தார். யோசித்தார். சட்டென்று தொடையில் தட்டினார்.

"அப்ப எஸ்எம்பிஎஸ்ஸையும் மாத்து! ஐநூறு வாட்டு போடு. இருக்கறதுலயே பெரிய கார்டா கொண்டாந்து சொருவு."

கிரண் சுகன்யாவைத் திரும்பிப் பார்த்தான்.

"வேணாங்க" என்றாள் சுகன்யா.

"இன்னா வேணாம்?"

"பழைய போர்டுங்க... தாங்காது."

"தோ பார்றா! எம் பொண்டாட்டி எப்படா மெக்கானிக் ஆனா?" குமரேசன் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் சிரிப்பது இதுதான் முதல் தடவை. "நீ கெளம்புடா. ஜல்தி!"

சிரித்த கையோடு போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, மைக்கை அமுக்கி, "தனகோடி" என்று சத்தமாகச் சொன்னார்.

"அண்ணே, நோவு இன்னான்னு கண்டுபுட்ச்சிட்டோம். கரண்டு பத்தல, அவ்ளோதான். ஒரு மணி நேரம் கூடக் குடுங்க, ஆறு மணிக்கு டிசைன் உங்க கையில இருக்கும். நம்ம வார்த்தண்ணே!"

அந்தத் தெம்பான குரலைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க சுகன்யாவால் முடியவில்லை. கிரணுக்குப் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள்.

கிரண் வண்டியில் சாவியைப் போட்டான். திருப்பவில்லை.

"அக்கா, காலையில நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன். மூணும் காலி டப்பா. பழைய கார்டையேதான் கழட்டிக் கழட்டி மாட்டினேன். அதுல ஒரு கோளாறும் இல்ல, ஸ்கிரீனு கண்ணாடியாட்டம் கீது. எஸ்எம்பிஎஸ் தாங்காதுன்னா நாலு நாளு தள்ளிப் போடுவாரு, அதுக்குள்ள நீங்க சொல்லிடறேன்னீங்க. இப்ப அதையும் மாத்திட்டா, அப்புறம் இன்னாக்கா சொல்றது?"

சுகன்யா தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போன வாரம், கண்ணெரிச்சல் என்று அவரை வேலூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து அவரை வெளியே அனுப்பிய டாக்டர், அவளை மட்டும் நிறுத்திவைத்தார். போன பார்வை திரும்பாது என்றார். மிச்சமும் மெல்லக் குறையும் என்றார். வீட்டில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்.

அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான், பரிசோதனைக்காகக் கட்டம் போட்ட ஓர் அட்டையை டாக்டர் குமரேசனின் முகத்துக்கு நேரே பிடித்தார். பார்த்த மாத்திரத்தில் குமரேசன், தொழில் தெரிந்தவருக்கே உரிய திமிரோடு சிரித்தார்.

"இந்த கிராஃப யாரு சார் போட்டது? நடுவுல கோடெல்லாம் கோணிகினு கீது. இத வச்சி நெய்தா சேலையே வீணாப்பூடும்."

டாக்டர் சிரிக்கவில்லை.

சுகன்யா எட்டிப் பார்த்தாள்.

அட்டையில் ஒவ்வொரு கோடும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.