சிவப்பு ஒயர்

கருவிப்பெட்டியில் சிவப்பு ஒயர் இல்லை.

டோனல் பெட்டியைத் தரையில் கவிழ்த்துத் தேடினார். சாண் நீள ஒயர், இரண்டு முனையிலும் கவ்வி. துணி காயவைக்கும் ட்ரையர் சுற்றுகிறது, ஆனால் சூடாகவில்லை என்று யாராவது கூப்பிட்டால் ஹீட்டர் பக்கத்தில் இருக்கும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டின் இரு முனைகளிலும் அதைக் கவ்வவிட்டுப் பார்ப்பார். சூடு வந்தால் கட்-அவுட் போய்விட்டது என்று அர்த்தம். புதியதைப் பொருத்திவிட்டு ஒயரை எடுத்துவிட வேண்டும்.

நேற்று இமெல்டா வீட்டில் புதியதைப் பொருத்தினார். பின்மூடியைத் திருகி மூடினார்.

ஒயரை எடுத்தாரா?

ஒயர் அங்கேயே இருந்தால், கட்-அவுட் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். காற்றுக்குழாயில் துணியிலிருந்து உதிரும் பஞ்சு அடைத்து உள்ளே எவ்வளவு கொதித்தாலும் மின்சாரம் நிற்காது. பஞ்சு பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

இமெல்டாவுக்கு எட்டு மாத இரட்டைக் குழந்தைகள். அந்த வீட்டில் ட்ரையர் ஓயவே ஓயாது.

மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்பதுகூட நினைவில்லை. ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. மழை. எங்கோ தீயணைப்பு வண்டியின் ஊளை கேட்டது. அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார். கார்க் நகரம் முழுக்க ஒரே திசையில் போவது போலிருந்தது.

தெருமுனை திரும்பியதும் கூரையைத்தான் பார்த்தார். புகை இல்லை.

கதவைத் திறந்த இமெல்டா உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா, டோனல்! இப்பதான் ரெண்டும் கண்ண மூடிச்சு. அதுக்காகத்தான் போனைக்கூட சத்தமில்லாம வச்சிருக்கேன்."

மாடிப்படிக்கு அடியில் ட்ரையர் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அவளைத் தாண்டிப் போய் பிளக்கைப் பிடுங்கினார். மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை. பின்மூடியைக் கழற்றும்போது திருப்புளி இரண்டு முறை வழுக்கியது.

ஒயர் அங்கேதான் இருந்தது. சிவப்பு உறை இளகித் தொங்கியது. சுற்றியிருந்த பஞ்சு ஓரங்களில் பழுப்பேறியிருந்தது.

அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"சும்மா ஒரு சோதனைதான்மா. எல்லார் வீட்டுக்கும் வருவோம்."

பொய் தானாகவே வந்தது. அவர் குழாயிலிருந்து பஞ்சைக் கைகொள்ளாமல் உருவி எடுத்தார். எதுவும் நடக்கவில்லை. யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

"நல்லா ஓடுறதக் கெடுத்துடாதீங்க," என்று இமெல்டா சிரித்தாள். "இருபதே நிமிஷம், மொறுமொறுன்னு காயுது. பக்கத்து வீட்டு நுவாலாவும் இதேதான் சொல்றா. நீங்க பிப்ரவரியில வந்துட்டுப் போனதுலேர்ந்து அவளோடதும் சூடு பறக்குதாம்."

டோனல் நிமிர்ந்தார்.

"நானா?"

"நீங்கதான். ரெண்டு கப் டீ குடிச்சீங்களாம். உங்க நம்பரைக் குடுத்ததே அவதானே!"

பக்கத்து வீட்டின் கதவு என்ன நிறம் என்றுகூட அவருக்கு நினைவு வரவில்லை. சமையலறை எந்தப் பக்கம், ட்ரையர் என்ன வகை, நுவாலா என்பவள் நெட்டையா குட்டையா? எதுவுமே இல்லை. துடைத்த பலகை போலிருந்தது.

"அவங்க இப்ப வீட்டுல இருக்காங்களா?"

"வேலைக்குப் போயிருப்பா. மெஷினைப் போட்டுட்டுத்தான் போவா."

அவர் ஒயரை வெளியே எடுத்து அவளிடம் காட்டினார். நேற்று மறந்ததைச் சொன்னார். நடந்திருக்கக் கூடியதையும் சொன்னார். இமெல்டா முகம் வெளுத்தது. ஆணியில் மாட்டியிருந்த நுவாலாவின் சாவியை அவர் கையில் போட்டுவிட்டு, குழந்தைகளை எடுக்க மாடிக்கு ஓடினாள்.

நுவாலாவின் சமையலறையில் ட்ரையர் சுற்றிக்கொண்டிருந்தது. நெடி மூக்கைப் பொசுக்கியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைத் திறந்தார்.

அங்கேயும் ஒன்று இருந்தது. அது நீல ஒயர். அவருடைய கவ்விகள்தான்.

அதைக் கழற்றிச் சிவப்பு ஒயரோடு சேர்த்துப் பைக்குள் போட்டார். பிறகு அலுவலகத்தைக் கூப்பிட்டார். கிரான்யா எடுத்தாள்.

"பிப்ரவரியிலேர்ந்து நான் போன வீடெல்லாம் வேணும்."

"இருநூறுக்கு மேல வருமே டோனல்! என்னத்துக்கு?"

"சொல்றேன். முதல்ல ஒவ்வொண்ணா வாசி."

அவள் முதல் முகவரியையும் பெயரையும் வாசித்தாள். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அந்த வீட்டை நினைவில் தேடினார்.

"டோனல்? இருக்கீங்களா?"

"அடுத்தது," என்றார்.