ஏழாவது பெண்

"மாடிக்குப் போய்ப் பேசிட்டு வா. இன்னா கேக்கணுமோ இங்கியே கேட்டுடு. வூட்டுக்கு வந்தப்புறம் வேணாம்னு சொன்னே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு மகனின் காதோரம் சொன்னாள் பவுனம்மாள்.

தமிழ்க்குமரன் எழுந்தான். பண்டசோழநல்லூரிலிருந்து சோரியாங்குப்பம் வரை வந்து பார்க்கும் இந்தப் பெண் ஏழாவது. முந்தைய ஆறு பேரையும் வேண்டாமென்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே பார்வை. காரணம் கேட்டால், "மனசுல ஒட்டலம்மா" என்பான்.

இன்றைக்குத்தான் குழப்பம்.

வெண்ணிலா காபித் தட்டோடு வந்து நின்றபோதே அவன் வேண்டாமென்று முடிவு செய்துவிட்டான். மாநிறம், வட்ட முகம், பூசினாற்போல் உடம்பு. அவன் நினைத்து வைத்திருந்ததற்கும் இவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் காபியைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி நடந்தாளே, அப்போது நெஞ்சு ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. ஏனென்று அவனுக்கே விளங்கவில்லை.

மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை ஒதுக்கி வழிவிட்டாள் வெண்ணிலா. கீழே அவள் அப்பா உலகநாதன், கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத கதையைப் பவுனம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க பாகூர்லியா படிச்சீங்க?" என்றான்.

"இல்லியே."

"தவளக்குப்பத்துல பஸ் ஏறுவீங்களா, காலையில?"

"நான் அஞ்சு வருஷமா சென்னையிலதான வேல பாக்கறேன்? பொங்கல், தீபாவளின்னாதான் ஊருக்கு வருவேன். ஏன் கேக்கறீங்க?"

"எங்கியோ பாத்த மாதிரியே இருக்கு. மூஞ்சி இல்ல... இன்னான்னு சொல்லத் தெரியல."

"மூஞ்சி இல்லாம வேற எதைப் பாத்தீங்க?" அவள் சிரித்தபடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

மறுபடியும் அதே துள்ளல். பல நாள் பழகிய ஒருத்தியின் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் முன்பின் தெரியாத பெண்.

"நேரா கேக்கறேன். புடிச்சிருக்கா, இல்லியா?" என்றாள்.

தமிழ்க்குமரன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "பொய் சொல்ல மனசு வரல. என் மனசுல வேற ஒருத்தி இருக்கா."

"லவ்வா?"

"அப்படியும் சொல்ல முடியாது. சிரிக்கக் கூடாது." போனை நீட்டினான். "இவ பேரு நைரா. கேம்ல வர்ற பொண்ணு."

வெளுத்த தோலும், ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் இடுப்பும், மூச்சை இழுத்தால் தெறித்துவிடும் மேல்சட்டையுமாகத் திரையில் ஒருத்தி இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தாள். வெண்ணிலா சிரிக்கவில்லை. உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா தினம் ஆடறேங்க. சண்டையில ஜெயிச்சா வளையல், நெக்லஸ்னு கிடைக்கும். அதைக் குடுக்கக் குடுக்க இவளுக்கு நம்ம மேல ஆசை ஏறும். மொதல்ல பேசுவா. அப்புறம் கையப் புடிப்பா. கடைசி லெவல்ல..."

"கட்டிப் புடிப்பாளா?"

"ஆமா. அதுக்கு மேலயும் கொஞ்சம்..." அவன் காது சூடேறியது.

"நகை குடுத்தா கட்டிப் புடிச்சிதான் ஆவணுமா? வேணாம்னு சொல்ல இவளுக்கு வழியே இல்லியா?"

"இல்ல." இரண்டு வருடத்தில் அவன் அதை யோசித்ததே இல்லை. "தப்புன்னு தெரியுது. ஆனா பொண்ணுன்னா இப்படித்தான்னு பதிஞ்சிபோச்சு. உங்க மேல குறை ஒண்ணும் இல்ல. நீங்க கொஞ்சம்..."

"குண்டு."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல."

"பரவால்ல, சொல்லுங்க."

"உங்க பக்கத்துல நின்னா இன்னாமோ பண்ணுது. அதான் ஒண்ணும் புரியல. ஆனா நீங்க இவ மாதிரி இல்லீங்க. நாளைக்கு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி உங்களை வேற யாரோ மாதிரி பாத்துட்டு இருந்தா, அது உங்களுக்குப் பண்ற துரோகம். வேணாங்க. மன்னிச்சிடுங்க."

சொல்லி முடித்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தான். வரவில்லை. எதையோ தொலைத்துவிட்டாற்போல் இருந்தது.

வெண்ணிலா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குப் புடிக்கலன்னு உங்க அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். உங்களைத் திட்ட மாட்டாங்க."

படியில் இறங்கப் போனவள் நின்றாள்.

"சென்னையில எனக்கு இன்னா வேலன்னு நீங்க கேக்கவே இல்லியே? கேம்ல வர்ற பொம்மைங்க தானா அசையாதுங்க. நிஜ ஆளு ஒருத்தர் நடந்து, ஓடிக் காட்டணும். அந்த அசைவைப் புடிச்சி பொம்மைக்கு ஏத்துவாங்க. நீங்க சொன்ன கடைசி லெவலுக்காக, உடம்பு பூரா வெள்ள உருண்டை ஒட்டின கறுப்பு டிரஸ்ஸுல, ஒரு தலகாணியப் பதினோரு தடவ கட்டிப் புடிச்சது நான்தான். உங்க நைரா நடக்கறது, நிக்கறது, திரும்பறது எல்லாம் என்னுது. இடுப்பு மட்டும் கம்பெனிக்காரங்க போட்டது."