தோல் உரிக்காதவள்

மூங்கில் துண்டில் அப்பிக் கிடந்த அசுவினிப் பூச்சிக் கூட்டத்தின் நடுவே புழுவை விட்டதும், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அசுவினிகளைத் தின்று தீர்க்கிற புழு.

மற்றவை பாட்டுக்குச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் திரும்பியது.

கடுகில் பாதிகூட இல்லை. நெற்றியில் இரண்டு கொம்பு. தடித்த முன்கால்கள். தன்னைவிடப் பல மடங்கு பெரிய புழுவைக் கட்டிப்பிடித்துக் கொம்பால் குத்தியது. புழு துள்ளியது. இரண்டும் சேர்ந்து, கீழே விரித்திருந்த வெள்ளைத்தாளில் விழுந்தன.

விழுந்தும் விடவில்லை.

எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். இன்றும் சிலிர்த்தது.

சாப்பாடு கொண்டுவந்த வடிவை இழுத்து, லென்சின் முன்னால் உட்காரவைத்தாள். வடிவு, அவளுக்குச் சற்றுப் பின்னால் பிறந்த இரட்டை. அதே முகம், அதே குரல். ஆய்வகக் காவலாளி இன்றும் அவளென்றே நினைத்து வணக்கம் வைத்து உள்ளே விட்டிருந்தார்.

“இது மட்டும் வேற பூச்சியாக்கா?”

“ஒரே ஆத்தா பெத்ததுதான். அப்பனே கெடையாது. உள்ளுக்குள்ளயும் துளி வித்தியாசம் இல்ல. கூட்டம் பெருத்தா சிலது இப்படிப் பொறக்கும். மத்ததுக தோலுரிச்சு, வளந்து, குட்டி போடும். இது தோலே உரிக்காது. பொறந்தபடியே காவல் இருந்துட்டுச் செத்துப்போகும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவளுக்கு ஜப்பானில் ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வடிவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களிடம், வரவேண்டாம் என்று வடிவே காலையில் சொல்லிவிட்டாள்.

வடிவு லென்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாராச்சும் ஒருத்தி இருந்துதானே ஆவோணும்.”

குரலில் வருத்தமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

தூரிகை நுனியால் அந்தச் சின்னதைப் பிரித்து மூங்கிலில் ஏற்றிவிடப் பார்த்தாள் வடிவு. புழு எப்போதோ செத்திருந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

மூத்தவள் போனை எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்தாள்.

“வடிவு பேசறனுங்க. காலைல ஏதோ அவசரத்துல சொல்லிட்டனுங்க. ஞாயித்துக்கெழம வாங்க. அப்பாவ இனி எங்கக்கா பாத்துக்குது. அது எங்கியும் போகல.”

வடிவு பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

மறுமுனையில் சரி என்று சொல்லும்வரை, அவள் போனை விடவில்லை.