சின்ன துரையின் ராக்கெட்

"சத்தியமா சொல்றேன் தொரை, அந்த மெஷின் மேல என் விரல்கூடப் பட்டதில்லீங்க."

வீரய்யா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், சின்ன துரை பங்களாவின் அப்பு அவர். சமையலிலிருந்து துரையின் சப்பாத்தைத் துடைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே பங்களாவுக்குள் நுழைந்தவர். துரை வாயைத் திறந்தால் போதும், மீதி வேலையை அவரே புரிந்துகொண்டு முடித்துவிடுவார்.

"பொய் சொல்ல வேணாம் வீரய்யா," என்றார் சின்ன துரை. கொழும்பில் படித்த சிங்களவர். தமிழைத் தோட்டத்துக்கு வந்துதான் பிடித்திருந்தார். "நான் கத்துறேன். நீ வாற. டிவிக்குப் பக்கத்துல குனியிற. போற. அதுக்குப் பிறகுதானே மெஷின் ஒரேயடியா சாகுது?"

"என் வேலையத்தான் பாத்துட்டு வந்தேன் தொரை."

துரை நம்பவில்லை. அவர் நம்பாததற்குக் காரணம், அவருடைய அண்ணன் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டர். பார்வைக்கு ஒரு குட்டி டைப்ரைட்டர். அதை டிவியோடு பொருத்தி, கேசட்டைப் போட்டால் திரையில் ராக்கெட் பறக்கும். எதிரே வருகிற கற்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். அரசாங்கம் துரையைத் தேயிலையைப் பார்க்கத்தான் அனுப்பியிருந்தது. அவரோ மாலையானால் வானத்துக்குக் கிளம்பிவிடுவார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அதில் ஒரு வில்லங்கம். ராக்கெட் கொஞ்ச தூரம் போனதும் நொண்டி மாடு மாதிரி நடக்கும். பிறகு அந்தரத்தில் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

ராக்கெட் நின்றால் துரைக்குப் பைத்தியம் பிடிக்கும். மறுநாள் தேயிலை மலையில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஏச்சு விழும். "நேத்து ராக்கெட்டுல தொரை செத்துட்டாரு போல" என்று கொழுந்து எடுக்கிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

வீரய்யாவால் சிரிக்க முடியவில்லை. சனிக்கிழமைக்குள் மெஷின் சரியாகாவிட்டால், திங்கட்கிழமை காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் போய், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று துரை தீர்ப்புச் சொல்லிவிட்டார். கத்தியையாவது பிடித்துவிடலாம். பங்களாவுக்குப் பின்னாலிருக்கும் வீடும் அல்லவா கையை விட்டுப் போகும்? தொழிலாளர் லயத்தில் மச்சான் கந்தப்பனின் ஒற்றை அறைக் காம்பராவில், அவனுடைய குறட்டைக்கும் கோழிகளுக்கும் நடுவில் படுக்க வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து வீரய்யாவின் மனைவி காளியாயி சோறே தின்னவில்லை.

மெஷினைப் பார்க்க ஹட்டனிலிருந்து ரேடியோ கடை சிறில் பகல் பொழுதுகளில் வந்துபோனான். அதற்குமுன் கம்ப்யூட்டரை அவன் படத்தில்தான் பார்த்திருந்தான். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பிளக்கை மாற்றினான். கேசட் ரெக்கார்டரின் உள்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். ஃபாக்டரி ஓடும்போது கரண்ட் குறைகிறதோ என்று மீட்டர் வைத்துப் பார்த்தான். அவன் இருக்கும்வரை ராக்கெட் நல்ல பிள்ளையாகப் பறந்தது. கடைசியில் மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சூடேறினால் இந்த மெஷின் முதலில் மந்தமாகும், பிறகு மயங்கிவிடும் என்றான்.

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாயைத் திறந்தால் புகை வருகிற ஊரில் சூடாம்.

வீரய்யா கேட் வரைக்கும் சிறிலின் பின்னாலேயே ஓடினார். சிறில் கும்பிடுகிற அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்துவதாக வேண்டிக்கொண்டார். அப்படி உள்ளே போய் என்னதான் செய்கிறீர்கள் என்று சிறில் கேட்டான்.

"தொரை சொல்றதச் செய்வேன், வந்துருவேன். அவ்வளவுதான் தம்பி."

அந்த முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. சிறிலுக்குப் பாவமாக இருந்தது. சனிக்கிழமை மாலை, துரை விளையாடுகிற நேரத்திலேயே வந்து கண்ணால் பார்ப்பது என்று முடிவு செய்தான்.

அன்று தான் கூப்பிடாமல் வீரய்யா உள்ளே வரக்கூடாது என்று துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். சிறில் பின்னால் நின்றான். ராக்கெட் கிளம்பியது. ஒரு கல், இன்னொரு கல், தூள் தூளாகப் பறந்தன. துரையின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. சிறிலின் கழுத்தும் நனைந்துவிட்டது. வீரய்யாவின் வீடும் வேலையும் அந்தத் துளியூண்டு ராக்கெட்டில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தன?

ராக்கெட் மெதுவானது. ஊர்ந்தது. நின்றது.

"ஃப்ரீசிங்!" துரை மேசையில் குத்தினார். "மறுபடியும் ஃப்ரீசிங்!"

கதவு படாரென்று திறந்தது. வீரய்யா இரண்டு கைகளாலும் விறகை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிவி மேசையை ஒட்டியிருந்த கணப்பில், எரிகிற நெருப்பின் மேல் கட்டைகளைக் குனிந்து அடுக்கினார். தீ திகுதிகுவென்று எழுந்து மேசை வரைக்கும் அனல் அடித்தது.

சிறில் துரையைப் பார்த்தான். துரை நெருப்பைப் பார்த்தார்.

"அண்ணே," என்றான் சிறில், "இப்ப யாரு ஒங்கள விறகு போடச் சொன்னது?"

"தொரைதான் தம்பி. ஃப்ரீசிங் ஃப்ரீசிங்னு குளிர் தாங்காம அவங்க கத்துறப்பல்லாம் நானும் ரெண்டு கட்டைய கூடுதலாத்தான் போடுறேன். எம்புட்டுப் போட்டாலும் இந்தத் தொரைக்கு மட்டும் குளிர் அடங்கவே மாட்டேங்குது."