மறைவாக உருட்டியது

இணையத்தில் கூடி ஆடும் அந்தக் கதையாட்டத்தை நடத்துபவள் வாசுகி. கதையில் யார் பிழைப்பது, யார் சாவது என்பதைப் பகடையில் விழும் எண்தான் தீர்மானிக்கும்; அதை மறைவாக உருட்டும் கட்டளை அவளுக்கு மட்டுமே உண்டு. விழுந்த எண்ணும் அவள் திரையில் மட்டுமே தெரியும். கதையில் எல்லோரும் குகைவாசலில் தயங்கி நின்றபோது அரட்டைப் பெட்டியில் ஒரு வரி வந்தது: 'வாசுகி மறைவாகப் பகடை உருட்டினார்.'

"யாருக்குக்கா உருட்டுனீங்க?" ஹெட்போனில் ஆட்டக்காரர்களில் ஒருவனான ரூபனின் குரல் கேட்டது.

அவள் கை விசைப்பலகையிலேயே இல்லை. திரையில் எண்ணும் இல்லை. "சும்மாதான். ஆடுங்க," என்று சமாளித்தாள்.

அதே வரி மறுபடியும் வந்தது. அவள் மைக்கருகே குனிந்தாள்.

"எல்லாரும் ஒரு தடவை குரல் கொடுங்கப்பா."

ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.

"நீங்கக்கா?" என்றான் ரூபன்.

"இருக்கேன்டா."

"அக்கா? லைன்ல இருக்கீங்களாக்கா?"